நிலம் நடுங்கும் ஊருக்குப் பயணம்

நம் வட்டாரத்தில் ஓர் எரிமலை இருந்தது என்று சொன்னால் சங்கத்து அன்பர்களுள் பாதிப்பேர் நகைப்பர், மீதிப்பேர், "எந்த நிலையத்தில் இறங்க வேண்டும்?" என்று கேட்பர். இரண்டாம் வகையினரை நமக்கு மிகவும் பிடிக்கும். டிக்கட்டு விற்றுப் பிழைப்பவர்கள் வேறு எவ்வாறு இருக்க முடியும்? அவர்களுக்காகவே இத்திங்கள் இப்பகுதியை எழுதுகிறோம்.

ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் மூலையில் அமைந்தது நம் குடுபல்லி. குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் குடுபல்லியைத் தாண்டினால் பிசாநத்தம் வரும்; அதற்கும் அப்பால் காமசமுத்திரம். பிசாநத்தத்திலும் சிகர்குண்டாவிலும் தங்கச் சுரங்கங்கள் இருந்தமை நம் இல்லங்களில் பலரும் அறிந்ததே. கோலார் தங்கவயல் மூடப்பட்ட 2001ஆம் ஆண்டை ஒட்டி இவையும் ஓய்ந்தன. தங்கவயலும் இவையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். வடக்கே கோலார்ப் பக்கத்தில் தொடங்கித் தெற்கே நம் சித்தூர் மாவட்டம் வரையில், சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரும்பச்சைப் பாறைப் பட்டை ஒன்று ஓடுகிறது. அகலம் சில கிலோமீட்டரே. சுற்றிலும் வெளிறிய கருங்கல், நடுவில் இந்தக் கரும்பட்டை. வெள்ளை வேட்டிக்குக் கரை போட்டாற்போல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கரைதான் எரிமலை விட்டுச்சென்ற எச்சம்.

சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே நிலம் பிளந்து நெருப்புக் குழம்பு வெளிப்பட்டது. அதில் ஒரு பகுதி நீருக்கடியில் வழிந்தது. குழம்பு தண்ணீரைத் தொட்டவுடன் மேல்தோல் இறுகிவிடும்; உள்ளே இருக்கும் குழம்பு அத்தோலைக் கிழித்துக்கொண்டு மேலும் பிதுங்கும்; அதுவும் இறுகும். இவ்வாறு தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்ததுபோன்ற பாறைகள் உண்டாகின்றன. அறிஞர்கள் இவற்றைத் தலையணைப் பாறைகள் என்றே அழைக்கின்றனர். வேறோரிடத்தில் எரிமலை அமைதியாக வழியாமல் வெடித்துச் சீறியது. அப்போது சாம்பலும் கல்துண்டுகளும் மேலே எறியப்பட்டு, கீழே விழுந்து, ஒன்றாக இறுகிக் கல்லாயின. இத்தகைய கல்லைத் தங்கவயல் பக்கத்துப் பெத்தபள்ளியில் காணலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. பெங்களூர் லால்பாக்குக்குப் போகும் நம்மவர்கள் மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே உள்ள பாறைக்குன்றும் இதே பெருமை பெற்றது என்பதை எத்தனைபேர் கவனித்தார்களோ!

நிற்க. இந்த எரிமலைப் பேச்சு எழுந்த காரணத்தைச் சொல்லவேண்டும். நம் அன்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், சில மாதங்களுக்கு முன்னர் நம்மிடம் ஒரு யோசனை கேட்டார். அவருடைய மகன் அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கிறான். பெற்றோர் இருவரையும் அழைத்துக்கொண்டு ஹவாய்த் தீவில் உள்ள எரிமலைத் தேசியப் பூங்காவுக்குப் போகவேண்டும் என்பது அவன் ஆசை. அன்பருக்கும் ஆசைதான். அவருடைய மனைவியார் மட்டும் ஒப்பவில்லை. அங்கே அடிக்கடி நிலநடுக்கம் உண்டாகும் என்று அவர் யாரிடமோ கேட்டறிந்திருக்கிறார். "நடுங்குகிற மண்ணை விட்டு வந்தாச்சு. மறுபடியும் காசு கொடுத்து நடுங்குகிற மண்ணுக்கே போகணுமா?" என்பது அவர் கேள்வி. அம்மையார் தங்கவயலில் பிறந்தவர். மகனோ, தாயின் அச்சத்தைப் பட்டிக்காட்டு அச்சம் என்று எள்ளிப் பேசிவிட்டான் போலும். அதனால் வீட்டில் ஒரு மாதமாகத் தொலைபேசியில் தாயும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

அம்மையாருடைய அச்சம் அறியாமையால் விளைந்தது என்று நாம் கருதவில்லை. தங்கவயலில் வாழ்ந்தவர்களிடம் போய், நிலம் நடுங்குவது பற்றி நூல்களைப் பார்த்துப் பாடம் நடத்துவது, மீனவரிடம் கடலைப் பற்றிப் பேசுவதற்கு ஒப்பானது. அங்கே மூன்று தலைமுறையினர் நடுங்கும் நிலத்தின்மேலும் அதன் உள்ளேயும் குடித்தனம் நடத்தினார்கள்.

மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870களில் மைசூர் அரசிடம் அங்கே தங்கம் தோண்ட உரிமை பெற்றார். 1880க்குப் பின்னர் ஜான் டெய்லர் குழுமத்தார் வந்தனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து நம்மவர்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று சேர்ந்தனர். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கி, உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அடித்தளத்தில் பாறையின் சூடு 60 பாகைக்கு மேல். 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் எல்லாம் மூடப்பட்டன. அதற்குள் எடுத்த தங்கம் 800 டன்னுக்கும் அதிகம். அத்தங்கத்தில் ஒரு குன்றிமணியாவது தோண்டியவர்களுடைய பெண்டிர் கழுத்தில் ஏறியதா என்பதை நம் வாசகர்களே தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு விந்தையையும் சொல்லிவிடுகிறோம். அவ்வளவு ஆழத்துக்கு வேறு கதிர்கள் எட்டாவாகையால், வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் துகளின் தடயத்தை 1965இல் அங்கேதான் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானிய, ஆங்கில நாட்டு அறிஞர்களும் அதில் பங்குகொண்டனர். வானத்தை ஆராய நிலத்துக்குள் இறங்கிய கதை அது.

தங்கவயலில் நிலம் நடுங்கியதற்குப் 'பாறை வெடிப்பு' என்று பெயர். பழையவர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்பர். 1898ஆம் ஆண்டிலேயே ஊரிகம் சுரங்கத்தில் இது நிகழ்ந்ததாகப் பதிவு உண்டு. சுரங்கம் ஆழமாக ஆக, வெடிப்புகளும் மிகுந்தன. 1950களிலும் 1960களிலும் சாம்பியன் ரீஃபில் பெரும்பகுதி ஒன்று முழுவதையும் குலைத்த வெடிப்புகள் நேர்ந்தன. மேலே பல கிலோமீட்டர் தொலைவுக்கு வீடுகள் ஆடின.

நம் மாமியார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடொன்றில் வளர்ந்தவர். தம் ஏழாவது வயதில் தந்தையைப் பாறை வெடிப்பில் இழந்தவர். இதை அவர் நம்மிடம் சொன்னதில்லை. நம் மனைவி சொல்லித்தான் தெரியும். ஆனால் ஒன்றை நாமே கண்டிருக்கிறோம். நாம் குடியிருக்கும் இரயில்வே குடியிருப்பு தண்டவாளத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. இரவில் சரக்கு வண்டி போகும்போது அடுக்களையில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். வீட்டில் மற்ற எல்லாரும் உறங்குவோம். அவர் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். வண்டி கடந்துபோய், ஓசை அடங்கி, மீண்டும் ஒன்றும் இல்லை என்று தெளிந்த பிறகே படுப்பார். நம் வீட்டுக்கு வந்து பதினோராண்டு ஆகியும் இவ்வழக்கம் மாறவில்லை.

இந்த நிலையில், ஏழாம் வகுப்பில் படிக்கும் நம் மகள் பள்ளியில் பெத்தபள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாள். போகவேண்டும் என்று பிடிவாதம் செய்தாள். சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஓய்வு கிடைத்தது. மாமியாரைத் தனியே விட்டுச்செல்ல மனைவிக்கு மனமில்லை. "எரிமலை" என்ற சொல்லைக் கேட்டவுடன் அவர் முகம் மாறியது. "குழந்தைகளை அங்கே கூட்டிப்போகாதீங்க, மாப்பிள்ளை. நீங்க வேணும்னா போய்ட்டு வாங்க" என்றார். நாம் மறுத்துப் பேசவில்லை. கடைசியில், பேரப்பிள்ளைகள் போகுமிடத்துக்குத் தாமும் போவதே மேல் என்று அவரே தூக்குச் சட்டியில் தயிர்ச்சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பங்காருப்பேட்டையில் இறங்கி ஓர் ஆட்டோ பேசிக்கொண்டோம். பெத்தபள்ளியில் எரிமலைக் கல் எங்கே என்று கேட்டதற்கு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கோலை நீட்டிக் காட்டினார். பெரிய மலையை எதிர்பார்த்துச் சென்ற நம் சிறுவன் ஏமாந்துபோனான். "இதுவா எரிமலை? வாயே இல்லையே!" என்றான். அவன் சொன்னதும் நியாயமே. 270 கோடி ஆண்டு மழையும் வெயிலும் எந்த வாயைத்தான் விட்டுவைக்கும்? ஆயினும் குனிந்து பார்த்தால் கதை வேறு. சாம்பல் நிறத்து நுண்ணிய கல். அதற்குள் சிறிதும் பெரிதுமாக வேறு நிறத்துக் கற்கள் பதிந்து நிற்கின்றன. கொத்தனார் குழைத்த கலவையில் சல்லி கிடப்பதுபோல் இருக்கிறது. அவை வெடித்த வேகத்தில் பறந்து வந்து சாம்பலுக்குள் விழுந்த கற்கள். மகள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

மாமியார் பாறையின்மேல் கால்வைக்கவில்லை. ஓரமாக மண்ணில் நின்றுகொண்டே, "இது இனிமே வெடிக்காதா, மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"வெடித்து ஓய்ந்து கோடிக்கணக்கான வருஷம் ஆகிவிட்டது அத்தை. இது செத்த எரிமலை."

"அப்படின்னா எங்கப்பாவுக்கு மட்டும் எப்படி வெடிச்சுது?"

நமக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. அவர் தம் தந்தையின் மரணத்தைப் பற்றி நம்மிடம் பேசிய முதல் சொல் அது. எரிமலையையும் சுரங்கத்து வெடிப்பையும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றாகவே எண்ணி அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். பத்தாம் வகுப்புப் படிப்பையும், அதற்குப்பின் நூலகத்தில் படித்ததையும் வைத்துக்கொண்டு, நமக்குத் தெரிந்தவரையில் அவருக்கு விளக்கினோம். வாசகர்களுக்கும் அதையே எழுதுகிறோம்.

தங்கம் இருந்தது வெள்ளைக் கல் நரம்புகளில். அந்நரம்புகள் செங்குத்தாகக் கீழே இறங்குகின்றன. அவற்றை வெட்டி எடுக்க எடுக்க அவ்விடம் வெறுமையாகிறது. அந்த வெற்றிடத்துக்கு மேலே ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் பாறையின் பாரம் இருக்கிறது. அது வரை நரம்பு தாங்கிய பாரத்தைச் சுற்றிலும் எஞ்சி நிற்கும் பாறை தாங்கவேண்டும். மென்மையான கல்லாயிருந்தால் சிறிது சிறிதாக நெளிந்து கொடுத்துவிடும். தங்கவயல் கல்லோ பழைய எரிமலைக் குழம்பு பூமியின் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய கல். நெளியாது. நாணேற்றிய வில்போல் விறைத்துக்கொண்டே நிற்கும். தாங்கும் அளவு கடந்ததும் ஒரு நொடியில் முறியும். அப்போது சுவர்க் கற்கள் பீரங்கிக் குண்டுபோல் பாயும். அதன் அதிர்ச்சி நிலத்தின் மேல்வரை வந்து வீடுகளை ஆட்டும். இதைத் தடுப்பதற்காகவே கருங்கல்லைச் சதுரமாகச் செதுக்கிக் கீழே இறக்கி, வெற்றிடங்களில் சுவராக அடுக்கினார்கள். பிற்காலத்தில் காங்கிரீட்டும் நிரப்பினார்கள். 1978 முதல் நிலஅதிர்வுக் கருவிகளை நிறுத்தி, எங்கே பாறை முறிகிறது என்று கேட்டறிந்து வந்தார்கள். 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டதும் இக்காரணம் பற்றியே. வெடிப்புகள் குறைந்தன, அறவே ஒழியவில்லை.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டார். "அப்போ பூமி தானா வெடிக்கல. கீழே எடுத்ததால வெடிச்சுது" என்றார். ஆம் என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாறையின்மேல் ஏறவும் இல்லை. ஆனால் சோறு பரிமாறும்போது பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அதிர்ச்சி வந்தவுடன் லைன் பெண்கள் எல்லாரும் ஆடும் வீட்டைப் பற்றிக் கவலைப்படாமல் சுரங்க வாயிலை நோக்கி ஓடுவார்கள் என்றும், கீழிருந்து கேஜ் மேலே வரும்போது ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். தம் தந்தையின் பெயரையும் சொன்னார். நம் மகள் அப்பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். "ஆயா, உங்கப்பா இந்தக் கல்லைத்தான் வெட்டினாரா?" என்று அவள் கேட்டதற்கு, "இதே சாதிக் கல்லுதான்னு உங்கப்பா சொல்றார்" என்று விடை சொன்னார்.

இனி ஹவாய்க்குப் போகும் அன்பர் கேட்ட யோசனைக்கு வருவோம்.

நிலம் நடுங்குவது ஒன்றே, காரணங்கள் பல. லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில் நடுக்கம் வந்து சுமார் பதினாயிரம் மக்களைக் கொன்றது. அங்கே உயிருள்ள எரிமலையும் இல்லை, ஆழ்சுரங்கமும் இல்லை. 1967இல் மராட்டியத்துக் கொய்னாவை உலுக்கிய நடுக்கத்துக்கு அணையில் தேங்கிய நீரே தூண்டுதல் என்பது அறிஞர் கருத்து. நம் பக்கத்தில் வேலூரிலும் சிக்கபள்ளாப்பூரிலும் 2021ஆம் ஆண்டின் இறுதியில் சிறு நடுக்கங்கள் உணரப்பட்டன. தங்கவயலிலோ சுரங்கம் மூடி நீர் நிரம்பிய பின்னரும் பாறை முறிவுகள் நின்றபாடில்லை. கைவிட்ட பள்ளங்களில் ஏறிய நீர் பழைய பிளவுகளைத் தளர்த்துகிறது. ஆகவே, வீட்டில் இருந்துவிட்டால் நடுக்கத்திலிருந்து தப்பலாம் என்று எண்ணுவதற்கில்லை.

உயிருள்ள எரிமலையில் உண்டாகும் நடுக்கத்துக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. குழம்பு நிலத்தடியில் இடம் பெயரும்போது பாறையை நெட்டித் தள்ளிக்கொண்டு போகிறது. ஆகையால் நடுக்கம் அங்கே பெரும்பாலும் முன்னறிவிப்பு. நாய் குரைத்தால் திருடன் வருகிறான் என்று கொள்வதுபோல, அறிஞர்கள் அந்நடுக்கங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஹவாயில் கிலவேயா எரிமலையின் உச்சியில் 1912இல் தாமஸ் ஜாகர் என்பவர் ஆய்வுநிலையம் ஒன்றை நிறுவினார். தேசியப் பூங்கா பிறந்தது 1916இல். ஆய்வு முந்தியது, சுற்றுலா பிந்தியது.

2018ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். மே 3ஆம் நாள் மலைச்சரிவில் குடியிருப்புகளின் நடுவே நிலம் பிளந்து குழம்பு வந்தது. மறுநாள் 6.9 அளவுள்ள நடுக்கம். மே 11ஆம் நாள் பூங்காவின் பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். அதன்பின் ஆகஸ்டு தொடக்கம் வரையில், குழம்பு வடிந்துபோன உச்சி 62 முறை சரிந்து இறங்கியது. ஒவ்வொரு சரிவுக்கும் 5 அளவை ஒட்டிய நடுக்கம் உண்டாயிற்று. ஆய்வுநிலையத்துக் கட்டடமே பாழாகிக் கைவிடப்பட்டது. சுமார் 700 வீடுகள் குழம்பில் மறைந்தன. எனினும் குழம்பினாலோ நடுக்கத்தினாலோ ஓர் உயிர்கூடப் போகவில்லை. செப்டம்பர் 22இல் பூங்காவை மீண்டும் திறந்தார்கள். மூடவேண்டிய நாளில் மூடினார்கள் என்பதைத்தான் நாம் இதில் கவனிக்கிறோம்.

மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. நியூசீலாந்தின் வெள்ளைத்தீவு எரிமலையில் எச்சரிக்கை அளவை 2019 நவம்பரில் ஒரு படி உயர்த்தினார்கள். சுற்றுலாப் படகுகள் நிற்கவில்லை. டிசம்பர் 9ஆம் நாள் அது திடீரென்று நீராவியும் சாம்பலுமாக வெடித்தபோது தீவில் இருந்தவர்கள் 47 பேர். மாண்டவர்கள் 22 பேர். அவர்களைக் கொன்றது நிலநடுக்கம் அன்று. சுடும் ஆவியும் சாம்பலும். ஆகவே அம்மையாருக்கு நாம் சொல்லியனுப்பியது இது: நடுக்கம் என்னும் சொல்லுக்கு அஞ்சுவதைக் காட்டிலும், போகும் நாளில் எச்சரிக்கை அளவு என்ன என்று மகனைக் கேட்பது பயன்தரும். கிலவேயா 2024 டிசம்பர் 23 முதல் விட்டுவிட்டுக் குழம்பைப் பீய்ச்சத் தொடங்கிய மலை. ஆதலால் மாதத்துக்கு முன்னர்க் கேட்ட விடை அன்றைக்கு உதவாது. புறப்படும் காலையில் கேட்கவேண்டும்.

வேறு சிலவும் உண்டு. எரிமலை விடும் கந்தக ஆவி மூச்சிழுப்பு உள்ளவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் ஆகாது. நம் அன்பருக்கு இருமல் உண்டு. நடுக்கத்தைவிட அவர் அதற்கே அஞ்சவேண்டும். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிப் படம் பிடிக்கப் போகிறவர்கள் பள்ளத்தில் விழுகிறார்கள்; இறுகிய குழம்பின் விளிம்பு வெளியே உறுதியாகத் தோன்றும், அடியில் ஒன்றும் இராது. செருப்பை விட்டுவிட்டுக் கெட்டியான பூட்சு போடுவது நல்லது. அந்தக் கல் கண்ணாடிபோல் கிழிக்கும். கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாக ஆடினால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி நடக்கவேண்டும். 1975 நவம்பர் 29ஆம் நாள் அந்தப் பூங்காவின் கரையோரத்திலேயே கூடாரம் அடித்திருந்தவர்கள் மீது நடுக்கத்தைத் தொடர்ந்து கடல் ஏறியது, இருவர் மாண்டனர். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட தமிழர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

ஹவாய் என்றவுடன் அன்பர் வேறொரு கணக்கும் போட்டு வைத்திருக்கிறார். அங்கே கவாய் என்னும் தீவில் இறைவன் கோயில் என்ற சிவாலயம் ஒன்று உண்டு. பெங்களூரை அடுத்த சிற்பக்கூடத்தில் நம் சிற்பிகள் பல ஆண்டுகள் உளியால் செதுக்கி அனுப்பிய கருங்கற்களால் எழுந்தது. 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. அதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தார். கூடாது. எரிமலை இருப்பது வேறு தீவு. இடையில் விமானம் ஏறவேண்டும். கவாயின் எரிமலை பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவிந்துவிட்டது. அம்மையார் எரிமலைப் பூங்காவுக்கு வர இசையாவிட்டால் கவாய்க்காவது அழைத்துப்போகலாமே என்று மகனுக்கு எழுதச் சொன்னோம். கூடவே, தாயின் அச்சத்தை நகைப்பதற்கு முன்னால், அவர் சிறு வயதில் எத்தனை முறை சுரங்க வாயிலுக்கு ஓடினார் என்று ஒரு தடவை கேட்டுப்பார்க்கும்படியும் எழுதச் சொன்னோம். கடிதம் போயிற்று. தொலைபேசியில் பேச்சு மீண்டும் தொடங்கிவிட்டதாக அறிகிறோம். பயணம் பற்றி இன்னும் முடிவாகவில்லை.

கடவுச்சீட்டு வேண்டாம் என்போர்க்கு அந்தமானில் பாரன் தீவு உண்டு. இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றே. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். நூற்றாண்டுக்கு மேல் உறங்கிவிட்டு 1991இல் விழித்துக்கொண்டது. கப்பலிலிருந்து பார்க்கலாமேயன்றி யாரும் அங்கே குடியில்லை.

பெத்தபள்ளிக்குப் போக விரும்பும் இல்லத்தார் காலை வண்டியிலேயே புறப்படுவது நலம். பாறையருகே நிழல் குறைவு, வெயில் ஏறினால் கல் சுடும். குடிநீர் கையோடு கொண்டுபோகவேண்டும். ஆட்டோக்காரரிடம் திரும்பி வருவதற்கும் சேர்த்து முன்பே பேசிக்கொள்ளுங்கள். தங்கவயலில் உறவினர் உள்ளவர்கள் அப்படியே மாரிக்குப்பம் வரையில் சென்று, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுமண் குன்றுகளையும் குழந்தைகளுக்குக் காட்டலாம். ஆனால் அம்மண்ணில் சயனைடு கலந்திருந்தது, விளையாட விடலாகாது. பெத்தபள்ளிக் கல்லைச் சுத்தியால் தட்டி வீட்டுக்கு எடுத்து வருவது கூடாது. நம் சிறுவன் ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பங்காருப்பேட்டை நடைமேடையில் அதைக் கண்டுபிடித்தவர் அவனுடைய ஆயா. அடுத்த முறை போகும்போது திருப்பி வைப்பதற்காக அது இப்போது நம் வீட்டு அடுக்களை மாடத்தில், உப்புச் சாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.